ஐந்தாம் மடுவில் ஒன்று

“எத்தனை?” என்று கேட்டுக்கொண்டேதான் கிளாரி டக்வெல் நான் வேலை பார்க்கும் பண்ணைப் பொருள் கடைக்குள் வருவார். வேறு விசாரிப்பு எதுவும் கிடையாது.

“மேல பூஜ்ஜியம். கீழ நாலு.”

“நீ சரியா வீசல, கண்ணு. மணிக்கட்டு விறைச்சு நிக்குது. மாட்டுக்குப் பயந்தவ பால் கறக்குற மாதிரி.”

“நீங்களே வந்து வீசிக் காட்டுங்களேன்.”

“எனக்கு வீட்டுல நூத்திப்பத்து பேர் மடி கனத்து நிக்கறாங்க. யாரு பாப்பாங்க அவங்கள?”

கன்றுகளுக்கான குடற்புழு மருந்துக் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பினார். “வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணே ஒண்ணு பிடிச்சிடு. உன் பேரை ஒரு கன்னுக்குட்டிக்கு வெக்கறேன். டில்டான்னு.”

“காளைக் கன்னுக்கா?”

“எது முதல்ல பொறக்குதோ அதுக்கு.”

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த ஆறு மாதத்தில் தரைப்பாலத்துக்கு மேலே நான் ஒரு மீன் பிடிக்க வேண்டும் என்று விரும்பிய ஒரே ஆள் கிளாரி. பிடிக்கக் கூடாது என்று விரும்பிய ஒரே ஆள் நான். ஆனால் தூண்டிலை வீசிக்கொண்டிருந்ததும் நான்தான்.

இதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

கெல்லிக் ஓடை எங்கள் ஊருக்கு வடக்கே மலையிலிருந்து இறங்கி, இருபது கிலோமீட்டர் தள்ளி ஆற்றில் சேர்ந்து கடலுக்குப் போகிறது. நடுவில் ஒரு தரைப்பாலம். ஓடையைக் குறுக்கே மறித்துக் கான்கிரீட் போட்டு, அடியில் இரண்டு குழாய்களைப் பதித்திருந்தார்கள். பல வருடங்களாகத் தண்ணீர் விழுந்து விழுந்து கீழ்ப்பக்கம் குழி பறித்துவிட்டதால், குழாய்களின் வாய் இப்போது முழங்கால் உயரத்தில் தொங்குகிறது. பாஸ் மீன் குளிர்காலத்தில் உப்புத் தண்ணீர் தேடிக் கழிமுகத்துக்கு இறங்கி முட்டையிடும். வசந்தத்தில் குஞ்சுகள் ஓடை ஏறி வரும். விரல் நீளக் குஞ்சு முழங்கால் உயரம் தாண்டுமா? தாண்டாது என்பதுதான் என் வாதம். அப்படியென்றால் தரைப்பாலத்துக்கு மேலே பதினொரு கிலோமீட்டர் நல்ல தண்ணீர் பாஸ் இல்லாமல் கிடக்கிறது.

போன வருட வெள்ளம் தரைப்பாலத்தின் பாதியை அடித்துக்கொண்டு போனது. கவுன்சிலில் இரண்டு திட்டங்கள் வைத்தார்கள். ஒன்று, பழையபடியே குழாய் போட்டுப் பூசுவது. ஆறு வாரத்தில் முடியும். இன்னொன்று, ஓடையின் தரை மட்டத்திலேயே தண்ணீர் போகும்படி பெரிய பெட்டி மதகுகள் வைப்பது. ஒரு வருடம் ஆகும். பாலம் மீனைத் தடுக்கிறது என்று நிரூபணமானால் பெட்டி மதகுதான் வைக்க வேண்டும் என்பது மீன்வளத் துறை விதி. ஆனால் நிரூபிக்க வேண்டியது யார் என்று விதியில் இல்லை. செவ்வாய், வியாழன் மாலைகளில் நான் நீர்நிலைப் பராமரிப்பு வகுப்புக்குப் போகிறேன். பருவத் திட்டப்பணிக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தேன். அப்படித்தான் இது என் தலையில் வந்து விழுந்தது.

கிளாரியின் பண்ணை தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம். பால் லாரியும் அவரும் ஒவ்வொரு முறையும் மலையைச் சுற்றி முப்பத்தெட்டு கிலோமீட்டர் வர வேண்டியிருந்தது. மேலே ஒரு மீன் கிடைத்தால் போதும், மீன் தானாகவே ஏறுகிறது என்று சொல்லிப் பழைய பாலத்தை வாங்கிவிடலாம். அவர் ஆசை நியாயமானது. அதனால்தான் அவர் மீது எனக்குக் கோபம் வரவே இல்லை. வந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

என் முறை இது: தரைப்பாலத்துக்குக் கீழே ஐந்து மடு, மேலே ஐந்து மடு. வாரம் இரண்டு நாள், பொழுது சாய்வதற்கு முந்தைய இரண்டு மணி நேரம். ஒவ்வொரு மடுவிலும் இருபது வீச்சு. முதல் பத்து, சில்வண்டு போலச் செய்த மிதக்கிற பொய் இரை. அடுத்த பத்து, வாயில் தகடு வைத்த, இழுத்தால் முங்குகிற பொய் இரை. ஒரே கம்பு, ஒரே ரீல், ஒரே கனத்தில் தூண்டில் நரம்பு. முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுவேன். அகப்பட்டதை அளந்து விட்டுவிடுவேன். நோட்டில் தேதி, மடு, வீச்சு, மீன், குறிப்பு என ஐந்து கட்டம். குறிப்புக் கட்டத்தை நான் காலியாக விட்டதே இல்லை. ‘அட்டை கடித்தது, இடது கணுக்கால்’ என்றுகூட எழுதியிருக்கிறேன்.

அக்டோபரில் தொடங்கி மார்ச் முதல் வாரம் வரை நாற்பத்திரண்டு முறை போயிருந்தேன். கீழே நூற்றுப்பதினாறு மீன். மேலே பூஜ்ஜியம். அழகான எண்ணிக்கை. ஆனால் மீன் வேண்டாம் என்று நினைக்கிற கை நேர்மையாக வீசுமா? கீழே வீசும்போது இரை சவுக்குக் கிளைக்கு ஒரு சாண் அடியில் போய் விழுகிறது. மேலே வீசும்போது இரண்டு சாண் தள்ளி விழுகிறதோ? அளந்து பார்க்க முடியாது. இதைப் பற்றி ஃபெர்கஸிடம் கேட்டேன்.

ஃபெர்கஸ் மாஹெர் டயர் கடையில் வேலை செய்கிறான். எங்கள் தூண்டில் சங்கத்தில் அவன் அளவுக்கு வீசுகிறவர்கள் கிடையாது. உட்கார்ந்தபடி, உண்ணிப் புதருக்குள் இருக்கும் ஓட்டை வழியாக, டீக் கோப்பை அகலத்துக்கு இரையைக் கொண்டுபோய் வைப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வருவான்.

“நீ மேல ஒரு நாள் வீசிப் பாரேன், ஃபெர்க். என் கையை நம்ப முடியல.”

“உன் கையை நீ என்னிக்கு நம்பின? பல்லு விளக்குறப்ப நம்புவியா?”

“நெஜமாத்தான் கேக்கறேன்.”

“நான் தொட்டா உன் கணக்கு கெட்டுடும், புரொபசர். ஒரே ஆள், ஒரே கம்புன்னு நீதான எழுதி வெச்சிருக்க?”

அது சரிதான். கீழே என் வீச்சு முடிந்ததும் விளையாட்டாக நாலு வீசுவான். மேலே வந்ததும் கம்பை மடக்கி வைத்துவிட்டு, பாறையில் உட்கார்ந்து சாஸேஜ் சுருட்டிய ரொட்டியைத் தின்பான். ஐந்தாவது மடுவில் சாய்ந்து கிடக்கும் சவுக்கு மரத்தைக் காட்டி, “அந்தப் பக்கம் போகாத, அடியில கறுப்புப் பாம்பு ஒண்ணு குடியிருக்கு” என்று இரண்டு முறை சொன்னான். இரண்டையும் குறிப்புக் கட்டத்தில் எழுதி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை கவுன்சில் கூட்டம். அதற்கு முந்தைய ஞாயிறு காலை அட்டவணையைச் சுத்தமாக எழுத உட்கார்ந்தேன். எந்தக் கரையில் நின்று வீசினேன் என்று பார்த்துக்கொண்டே வந்தபோது பேனா நின்றது. ஐந்தாம் மடுவில் நாற்பத்திரண்டு முறையும் இடது கரை. எண்ணூற்று நாற்பது வீச்சு, அத்தனையும் மரத்துக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கத்து நிழலில் ஒன்றுகூடக் கிடையாது. மற்ற மடுக்களில் இரண்டு கரையிலும் வீசியிருக்கிறேன். பாம்பு என்றதும் ஒதுங்கிவிட்டேன். அல்லது பாம்பை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். எது என்று தெரியவில்லை. எழுந்து துணி துவைத்தேன். பாதியில் விட்டுவிட்டுப் பிக்கப்பின் எண்ணெய் பார்த்தேன். ஏற்கனவே சனிக்கிழமை பார்த்திருந்தேன். நாலு மணிக்கே ஓடைக்குக் கிளம்பினேன்.

கீழ் மடுக்களில் இரண்டு மீன் கிடைத்தன. மேல் மடுக்களில் நாலு வரை ஒன்றுமில்லை. ஐந்தாம் மடுவுக்கு வந்ததும் செருப்பின் வாரை இறுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன்.

“எங்க போற?” என்றான் ஃபெர்கஸ்.

“அந்தக் கரைக்கு.”

“பாம்புடீ.”

“தடதடன்னு நடந்தா போயிடும்.”

“டில், இருட்டப் போகுது. இடது கரையில இருபது வீசிட்டு வா, போலாம். இத்தனை நாள் அப்படித்தான செஞ்ச? கடைசி நாள் எதுக்கு முறைய மாத்தற?”

“முறையே தப்புன்னா?”

அவன் ரொட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

தண்ணீர் இடுப்பு வரை ஏறியது. அந்தக் கரையில் பாம்பு எதுவும் இல்லை, மணல் திட்டில் மாட்டுக் குளம்படிகள்தான் இருந்தன. முதல் வீச்சு கிளையில் பட்டு முன்னாலேயே விழுந்தது. இரண்டாவது சரியாக மரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே நுழைந்தது. முறைப்படி மூன்று எண்ணிவிட்டு நரம்பை ஒரு சுண்டு சுண்டினேன். பொய்ச் சில்வண்டு ஒருமுறை நடுங்கி வட்டம் விட்டது. மூன்று, நாலு, ஐந்து, ஆறு வீச்சு, ஒன்றுமில்லை. ஏழாவது வீச்சில் இன்னும் உள்ளே, வேர்கள் தொங்குகிற இருட்டில் விழுந்தது. நான் எண்ணி முடிப்பதற்குள் தண்ணீர் வாயைத் திறந்தது.

சத்தம் முதலில் வந்தது. யாரோ உள்ளங்கையால் தண்ணீரை அறைந்தது போல. கம்பு வளைந்து நுனி தண்ணீருக்குள் போனது. மீன் மரத்தடிக்கு ஓடப் பார்த்தது. ஓட விட்டால் வேரில் சுற்றி அறுத்துக்கொண்டு போய்விடும், விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது என்று ஒரு நொடி நினைத்தேன். இதை எழுதாமல் இருக்க முடியாது: நினைத்தேன். ஆனால் கைகள் அதற்குள் கம்பைப் பக்கவாட்டில் சாய்த்து அதன் தலையைத் திருப்பிவிட்டன. ஆறு மாதமாக அவற்றை நம்பவில்லையே என்று அந்த நேரத்தில் தோன்றியது.

கைவலைக்குள் வந்ததும் பார்த்தேன். கறுத்த முதுகு, தேய்ந்த வெண்கலப் பாத்திரம் போல விலா. மூக்கிலிருந்து வால் கவை வரை நாற்பது சென்டிமீட்டர். வயதான பெட்டை. படம் எடுத்து, தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்தேன். இரண்டு முறை செவுளை விரித்து, என் கையை உதைத்துவிட்டுப் போய்விட்டது.

நான் திரும்பி நடந்து வந்தபோது ஃபெர்கஸ் பாறையில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடியிருந்தான். சிரிக்கிறானோ என்று நினைத்தேன்.

“அது என் மீன்” என்றான்.

“என்னது?”

“நான் கொண்டுவந்து விட்டது. அந்த வறட்சி வருஷம், ஜனவரி, நடுக்கோடை. பாலத்துக்குக் கீழ குட்டை சுருங்கிப் பச்சையா ஆயிடுச்சு. மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. பாத்துட்டு சும்மா வர முடியல. மூணு பெருசா இருந்துச்சு. ஐஸ் பெட்டியில தண்ணி ரொப்பி, போட்டு, இங்க தூக்கிட்டு வந்தேன். ரெண்டு தடவை நடந்தேன்.”

“பாலத்துக்கு மேல?”

“மேலதான் தண்ணி இருந்துச்சு. வேற எங்க விடுவாங்க? உங்க வீட்டுத் தொட்டியிலயா? பீரை எல்லாம் வெளிய எடுத்து வெச்சேன், டில். நாப்பத்தொரு டிகிரி வெயில்ல. அதுக்காவது ஒரு மரியாதை குடு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “ஆறு மாசமா ஏன் சொல்லல?”

“சொன்னா நீ எழுதுவ.”

உண்மைதான். எழுதியிருப்பேன். அனுமதி இல்லாமல் உயிர் மீனை ஓடையில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுவது குற்றம். வழக்கு, அபராதம். அதைவிட, வருடா வருடம் துறைக்காகப் பாஸ் எண்ணிக் கொடுக்கும் வேலை எங்கள் சங்கத்துக்கு இருக்கிறது. அந்த எண்ணிக்கைக்குத் தலைமை ஃபெர்கஸ். பெயர் வெளியே வந்தால் அன்றே தூக்கிவிடுவார்கள். அவனுக்கு டயர் கடையைத் தவிர உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

“இதை எழுதாத” என்றான். “இது ஓடையோட மீன் இல்ல, என் பெட்டியில வந்த மீன். உன் கணக்குல சேராது. பூஜ்ஜியம்தான் உண்மை.”

“நீ சொல்றது உண்மைன்னா.”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். “நான் பொய் சொல்றேன்றியா?”

“எனக்காகச் சொல்றியோன்னு.”

“உனக்காகவா? எனக்கு வேற வேலை இல்ல பாரு.” கையிலிருந்த ரொட்டியை ஓடையில் எறிந்தான். “ஒரு மனுஷன் மானத்தை விட்டு ஒத்துக்கறான், அதையும் சந்தேகப்படற. உன்னையெல்லாம் யாரு வளத்தாங்க?”

நோட்டை எடுத்தேன். தேதி. மடு ஐந்து. வீச்சு ஏழு. மீன் ஒன்று, நாற்பது சென்டிமீட்டர். பென்சில் குறிப்புக் கட்டத்துக்கு மேல் நின்றது. இருட்டும் வரை நின்றது. காலியாக விட்டுவிட்டு நோட்டை மூடினேன்.

மறுநாள் காலை கிளாரி வந்தார்.

“எத்தனை?”

நாற்பது சென்டிமீட்டர் மீனை எழுதுவதா வேண்டாமா என்று நான் விடியும்வரை புரண்டுகொண்டிருந்தது வீண். வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. “ஒண்ணு.”

“எங்க?”

“மேல. அஞ்சாவது மடு.”

அவர் குதிப்பார் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றிக் கல்லா மேசையில் வைத்தார். “எம்மாம் பெருசு?”

“நாப்பது.”

“அடேயப்பா.” ஒரு மருந்துக் கேனை நகர்த்தி நேராக வைத்தார். “என்கிட்ட நீ சொல்லாம இருந்திருக்கலாம், தெரியுமில்ல? எனக்கு எப்படித் தெரியப் போகுது?”

“தெரியும்.”

“லூசுப் பொண்ணு” என்று அன்பாகச் சொல்லிவிட்டு, வாங்க வந்த, மாடு நக்கும் உப்புக் கட்டியை மறந்துவிட்டுப் போனார்.

மீனை எழுதுவதா என்ற கேள்வி அதோடு முடிந்தது. மிச்சம் இருந்தது ஃபெர்கஸின் பெயர். செவ்வாய் வகுப்பில் ஆசிரியர் ஸ்டாவ்ரோஸிடம், ஒரு எண்ணுக்குக் காரணம் தெரிந்தும் சொல்ல முடியாவிட்டால் என்ன செய்வது என்று பொதுவாகக் கேட்டேன். “அடிக்குறிப்புப் போடு” என்று சொல்லிவிட்டு, என் வரைபடத்தில் பச்சையும் நீலமும் ஒரே மாதிரி இருக்கிறது என்றார். புதன்கிழமை டயர் கடை வழியாக மூன்று முறை போனேன். மூன்றாவது முறை ஃபெர்கஸ் ஜாக்கியின் கைப்பிடியை ஆட்டிக்கொண்டே, “டயர் வாங்கறதுன்னா உள்ள வா, இல்லேன்னா ரோட்டத் தேய்க்காத” என்று கத்தினான். வியாழன் வகுப்புக்குப் போகவில்லை. தரைப்பாலத்துக்குப் போய் உடைந்த பக்கத்தில் உட்கார்ந்தேன். குழாய் வாயிலிருந்து விழும் தண்ணீரில் விரல் நீளக் குஞ்சுகள் தலை வைத்து நீந்திக்கொண்டிருந்தன. முன்னேறவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. கொஞ்ச நேரத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம். கவுன்சிலர்கள் ஒன்பது பேர், ஒரு பொறியாளர், பின்வரிசையில் மீன்வளத் துறை ஆய்வாளர் நெரிடா. ஓரத்து மேசையில் டீ பாத்திரமும், தேங்காய்த் துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக் தட்டும். அதன் பக்கத்தில் ஃபெர்கஸ். வர மாட்டான் என்று நினைத்திருந்தேன்.

நான் எழுந்து வாசித்தேன். நாற்பத்திமூன்று முறை, கீழே நூற்றுப்பதினெட்டு, மேலே நாலாயிரத்து இருநூற்றுச் சொச்சம் வீச்சில் ஒன்று.

“ஒன்று” என்றார் பொறியாளர். “அப்போ மீன் ஏறுது.”

“நூத்திப்பதினெட்டுக்கு ஒண்ணுங்க.”

“எத்தனைன்றது இல்லம்மா கேள்வி. வெள்ளத்துல பாலம் முங்கறப்ப ஏறியிருக்கும். பழைய பாலமே போதும்னுதான இதுக்கு அர்த்தம்?”

கிளாரி இரண்டாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். ஜெயிக்கிறவர் மாதிரித் தெரியவில்லை.

நோட்டைக் கேட்டார்கள். கொடுத்தேன். பொறியாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். நல்ல பொறியாளர், அதுதான் சிக்கல். கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார்.

“எல்லா வரியிலயும் குறிப்பு இருக்கு. ‘மாடு ஒன்று முறைத்தது’ன்னுகூட எழுதியிருக்கீங்க. மீன் கிடைச்ச வரியில மட்டும் ஒண்ணுமே இல்லையே?”

“அங்க எழுத வேண்டியது ஒண்ணு இருக்கு. எழுதல.”

“ஏன்?”

“அந்த மீன் தானா வரலன்னு ஒருத்தர் சொன்னாரு. யாருன்னு கேக்காதீங்க. உண்மையான்னும் எனக்கு உறுதியாத் தெரியாது.”

“பேர் சொல்லாத ஆள் சொன்ன கதைய நாங்க எப்படி எடுத்துக்கறது?” என்றார் கவுன்சில் தலைவி. அவர் கேட்டதும் நியாயம்தான். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்கார்ந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்தது.

“நாந்தான்” என்று ஒரு குரல் வந்தது. வாயில் லாமிங்டன் இருந்ததால் சரியாக வரவில்லை. ஃபெர்கஸ் டீயைக் குடித்து விழுங்கிவிட்டு மறுபடி சொன்னான். “நாந்தாங்க. மூணு மீன். ஐஸ் பெட்டியில தூக்கிட்டுப் போய் மேல விட்டேன். வறட்சி வருஷம்.”

“பெட்டியில கூட்டிட்டுப் போனியா?” கிளாரி எழுந்துவிட்டார். “சீட் பெல்ட்டு போட்டு விட்டியாடா?”

கூடமே சிரித்தது. ஃபெர்கஸும் சிரித்தான். “உங்க பால் லாரி மாதிரி மலையைச் சுத்திக் கூட்டிட்டுப் போயிருக்கணும், கிளாரி. தோணல.”

“இவ கூட்டாளி இவன். கூட்டாளிக்காகச் சொல்றான். இதை நம்புவீங்களா?” கிளாரி கவுன்சிலர்களைப் பார்த்துக் கேட்டார். நான் ஞாயிறு மாலை கேட்ட அதே கேள்வி.

“எனக்கு என்ன லாபம்?” ஃபெர்கஸ் பின்வரிசையைக் கையால் காட்டினான். “நெரிடா அங்க உக்காந்திருக்காங்க. இதுக்கு என்ன தண்டனைன்னு அவங்களையே கேளுங்க.”

நெரிடா எழுந்து சட்டப் பிரிவைச் சொன்னார். பிரிவு எண்ணையும் தண்டனையையும் அவர் சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. நான் ஃபெர்கஸின் முகத்தைப் பார்த்தேன். அவன் தட்டில் மிச்சமிருந்த துருவலை விரலால் ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தான். இல்லாததை இட்டுக்கட்டி இப்படி நிற்க யாராலும் முடியாது என்று அப்போதுதான் நம்பினேன். ஐந்து நாள் தாமதம்.

ஓட்டெடுப்பில் பெட்டி மதகுக்கு ஐந்து, பழைய பாலத்துக்கு நாலு.

வெளியே வந்தபோது வெயில் இன்னும் கூடத்துச் சுவரில் இருந்தது. நெரிடா தன் வண்டியின் முன்மூடியில் காகிதங்களை விரித்து வைத்து என்னை அழைத்தார். என் வாக்குமூலம். இன்ன தேதியில், இன்ன மடுவில் இந்த மீனைப் பிடித்தேன். அது தன்னால் அங்கே கொண்டுவிடப்பட்டது என்று ஃபெர்கஸ் மாஹெர் அப்போதே, அதே இடத்தில் என்னிடம் சொன்னான். கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு.

“நான் போடலேன்னா?” என்று கேட்டேன்.

“அப்போ இவர் மேல வழக்கு நிக்காது” என்றார் நெரிடா. “இன்னிக்கு ஓட்டும் நிக்குமான்னு தெரியல. யாராவது ஆட்சேபம் சொன்னா, இவர் சொன்னதுக்கு ஆதாரம் எங்கேன்னு கேப்பாங்க.”

மூன்று முறை படித்தேன். மாலை ஆறு என்று இருந்ததை அடித்து ஐந்து ஐம்பது என்று திருத்தினேன். மறுபடி படித்தேன். திருத்த வேறு எதுவும் இல்லை.

“போடு, டில்” என்றான் ஃபெர்கஸ். கைகளைப் பாக்கெட்டில் விட்டிருந்தான். “அங்க நான் நின்னது சும்மா லாமிங்டன் திங்கறதுக்குன்னு நெனச்சியா?”

“சங்கத்துல—”

“தூக்கிடுவாங்க. தெரியும். நீ போடுற கையெழுத்துல ஒரு எழுத்தும் கோணக் கூடாது, அவ்ளோதான். அப்புறம் அதுக்கு வேற தூங்காம கெடப்ப.”

போட்டேன். கோணவில்லை. நெரிடா பேனாவை வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வரச் சொல்லி அவனிடம் ஒரு தாளைக் கொடுத்தார். அவன் அதைப் படிக்காமலேயே மடித்தான்.

கிளாரி தன் பிக்கப்பில் ஏறப் போனவர் எங்கள் பக்கம் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஃபெர்கஸிடம் பேசினார்.

“மிச்சம் ரெண்டு எங்க இருக்கு?”

“எதுக்கு?”

“பிடிச்சு வறுத்துத் திங்கத்தான். இன்னும் ஒரு வருஷம் முப்பத்தெட்டு கிலோமீட்டர் சுத்தப் போறேன். எனக்கு ஏதாவது கிடைக்க வேண்டாமா?”

“ரெண்டும் அளவுக்கு மேல இருக்கும். ஒரு நாளைக்கு ஒண்ணுதான் எடுக்கலாம், கிளாரி. சட்டம்.”

“சட்டத்தப் பத்தி நீ பேசற.” அவர் தொப்பியை அணிந்துகொண்டார். பிறகு என்னிடம் திரும்பினார். “உப்புக் கட்டிய மறந்துட்டேன் அன்னிக்கு. நாளைக்கு வரேன். எடுத்து வை.”

“சரிங்க.”

வண்டியைக் கிளப்பினார். ஓடைக்கும் உடைந்த பாலத்துக்கும் போகும் சாலை வலப்பக்கம் திரும்புகிறது. கிளாரி முனையில் ஒரு நிமிடம் நின்றார், இடப்பக்க விளக்கைப் போட்டார், மலைச்சாலையில் ஏறினார். வண்டிச் சத்தம் வளைவுகளுக்குள் மறைந்தும் மறையாமலும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.